மழை வந்தால் சோகமில்லை: அக்கா கதை படித்த விதம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, தயவுசெய்து அழுதுகொண்டு படிக்க வேண்டாம். அழவைக்கிற கட்டுரை என்றால் அக்கா பாதியிலேயே மூடிவிடுவார். இது அவர் ஜெயித்த கதை.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரம் படிக்கும்போது அப்பா காலமானார். பரீட்சையில் மற்றப் பாடங்கள் தேறின. எல்லோரும் நம்பியிருந்த தமிழ் காலை வாரிவிட்டது. அக்கா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். தம்பியான என்னைப் படிக்கவைத்தது அந்தக் கூடைதான்.

கலியாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் டீச்சராகும் ஆசை அவரை விடவில்லை. அப்போதுதான் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உயர்தரம் தேறியிருக்க வேண்டும். வயதெல்லையோ நெருங்கிவிட்டது. இன்னும் ஒருமுறைதான் பரீட்சை எழுதலாம், தவறினால் ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்கா பழைய குறிப்புகளை எடுத்து உவமை, உருவகம், குறியீடு என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினார். நான் ஒரு சிறுகதையைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னேன். மழை வந்தால் சோகம், விளக்கு வந்தால் நம்பிக்கை என்று எழுதிவைத்தார்.

"ஏன்க்கா, நம்ம பக்கம் வருசம் பூரா மழை. அப்ப நாம வருசம் பூரா சோகமாவா இருக்கோம்?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து அதே கதையை உரக்க வாசித்தார். அந்தக் கதையில், மகன் இன்றைக்கு வருவான் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள் ஒரு தாய். ஆனால் சாயந்திரம் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைகிறாள். மகன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கதை வாய்திறந்து சொல்லவில்லை.

மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் லாவணி பாடி மோதுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அந்தப் பெண்கள் கதைக்கும் அதேபோல் கட்சி கட்டிவிட்டார்கள். அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டார். கதையில் இருக்கிற வரியைக் காட்டித்தான் பேச வேண்டும்.

"மகன் டவுன்ல சாப்பிட்டு வருவான்னு நெனச்சிருப்பாங்க," என்றார் லயத்தில் எங்கள் பக்கத்து அறையான காம்பராவில் குடியிருந்த செல்வி அக்கா.

"அப்ப ஏன் கதவுக்குத் தாப்பா போடுறாங்க?" என்று கேட்டார் அக்கா.

"குளிருக்குப் போட்டிருப்பாங்க!"

"அடுப்பு எரியுது, காம்பரா வெதுவெதுன்னு இருக்குன்னுல்ல எழுதியிருக்கு!"

"எங்க, அந்த வரிய மறுபடி படிங்க, கேப்போம்."

படித்தார். செல்வி அக்கா அந்த வரியைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். பிறகு, "பாவம், அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். குறியீடு என்று பெயர் சொல்வது பெரிய காரியமில்லை, அந்த ஒருபிடி அரிசி என்ன வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும் என்பது அன்றுதான் அக்காவுக்குப் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கதை, ஒரு சண்டை. சத்தம் கேட்டு எட்டிப்பார்க்க வந்த அத்தானும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்.

ஹட்டனுக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். காலைப் பெரட்டில் எல்லோரும் வேலைக்குக் கூடி நிற்கும்போது அக்காவோடு போய் நின்ற என் போனுக்கு முடிவு வந்தது. தமிழுக்கு ஏ! பெண்கள் போட்ட கூச்சலில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஓடிவந்தார்.

"என்ன சத்தம் இங்க?"

"எங்க டீச்சர் பாஸ் பண்ணிட்டாங்கய்யா!" என்றார் செல்வி அக்கா.

அன்று வேலை பிந்தித்தான் தொடங்கியது. கண்டாக்கு ஏசவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நியமனம் கிடைத்தது. தோட்டப் பாடசாலையிலும் அதே கட்சிச் சண்டையை நடத்தினார். நோய் முற்றி டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பார்க்க வந்த பிள்ளைகளிடம் "எந்த வரியில இருக்கு, காட்டு" என்றுதான் கேட்டார்.

அவரைக் கவனித்த தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பரீட்சை நாட்களில் அக்காவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட, கதைக்குக் கட்சி கட்டிய அந்தக் கொழுந்துப் பெண்களுக்கு என்ன சொல்வது? சமாதிக்கல்லில் பெயருக்குக் கீழே என்ன பொறிக்கலாம் என்று அவர்களிடமே கேட்டேன்.

"டீச்சர்னு போடுங்க தம்பி. வேற ஒன்னும் வேணாம்," என்றார்கள்.

அப்படியே பொறித்திருக்கிறோம்.