ஜன்னலடி ஹொலியை நான் வெட்டவில்லை

"எல்லாத்தையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கோணும், மேரி. ஒண்டும் விடாதை," என்று சொல்லி, பரம் அண்ணை செடி வெட்டும் மெஷினை, ஹெட்ஜ் ட்ரிம்மரை, என் கையில் தந்தார்.

அது பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில், ஒட்டி ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் வரிசை. அக்டோபர் மாதம். குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். வீடுகளுக்கு முன்னால் உள்ள பற்றைச் செடிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் தீர்மானம். பரம் அண்ணை எங்கள் முதலாளி. அவருக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஒப்பந்தம் அதுதான்.

அந்த வரிசையின் கடைசி வீட்டில், பிள்ளைகள் படுக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹொலி நின்றது. இலை ஓரமெல்லாம் முள்ளாக, குளிரிலும் இலை உதிராமல் நிற்கிற பற்றை அது.

ஹொலியைப் பற்றிக் கொஞ்சம்

தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஹொலியை வெட்டுவதென்றால் பனி உருகிய பிறகு, புதுத் தளிர் வருமுன் வெட்டுங்கள். மெஷின் வேண்டாம், அது இலைகளைக் கிழித்துவிடும், கிழிந்த ஓரம் கருகும். கைக்கத்தரியால் கிளை கிளையாக, இலைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். தோல் கையுறை இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். குளிர்காலத்தில் காற்றடிக்கிற பக்கம் சாக்குத்துணியால் மறைப்புக் கட்டவேண்டும். இங்கே அதைக் கொல்வது குளிரைவிட அந்தக் காற்றுத்தான்.

சில வருடங்களுக்கு முன், நான் அப்படி மறைப்புக் கட்டிக்கொண்டிருந்த ஒருநாள்தான் அந்த வீட்டுக்காரி சுபா வெளியே வந்தாள். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள்.

"அக்கா, இதை ஜன்னல் மட்டத்துக்கு வளர்க்கேலுமோ? நல்லா அடர்த்தியா?"

"ஏலும். ஆனா உள்ளுக்கு வெளிச்சம் குறையும்."

"குறையட்டும். முந்தின வீட்டிலை பிள்ளையளின்ர அப்பா ஜன்னலை உடைச்சுக்கொண்டுதான் உள்ளுக்கு வந்தவர். கிட்ட வரக்கூடாதெண்டு கோட்டிலை கடுதாசி தந்திருக்கினம். கடுதாசி குத்தாது அக்கா."

அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் நுனியை அளவோடு கிள்ளி, பக்கக் கிளைகளை நெருக்கமாக வரவிட்டேன். அது ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது.

மெஷினுக்கு முன்னால்

மற்றப் பற்றைகளை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்து, அந்த ஹொலிக்கு முன்னால் ட்ரிம்மரை நிறுத்தினேன்.

"என்ன, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்றார் பரம் அண்ணை.

"இல்லை அண்ணை. இதை வெட்டமாட்டன். இப்ப வெட்டினா குளிருக்குப் பட்டுப்போகும்."

"சரி, அப்ப பனி போனாப் பிறகு வெட்டு."

அதற்கு ஓம் சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அப்பவும் இந்த உயரத்துக்கு இறக்கமாட்டன்."

"ஏன்?"

"சொல்லேலாது."

அது சுபாவின் கதை. அவளைக் கேட்காமல் முற்றத்தில் நின்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அவர் ட்ரிம்மரைப் பிடுங்கி ஸ்டார்ட் பண்ணினார். நான் செடிக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றேன். முதுகில் இலைகள் குத்தின. பயமும் இருந்தது. ஆனால் காலை எடுக்கவில்லை.

"விசரே உனக்கு?" என்று கத்திக்கொண்டு மெஷினை அணைத்தார்.

சத்தம் கேட்டுக் குழுத் தலைவரும் வந்துவிட்டார். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு சுபா வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். தலைவரைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினாள், குரல் நடுங்காமல். தன் கணவர் என்ன செய்தார், அந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "எல்லாம் ஒரே உயரத்தில்தான் இருக்கவேண்டும் என்றால், மற்றவற்றை இந்த உயரத்துக்கு வளர விடுங்கள்," என்றாள்.

தலைவருக்கு முகம் சிவந்தது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்றார். "வருகிறேன்," என்றாள். பரம் அண்ணை மெஷினைக் கொண்டுபோய் வான் வண்டியில் போட்டார்.

அன்றோடு என்னை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். லொங்குய் என்ற இன்னோர் ஊரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இலை கூட்டப் போட்டார் பரம் அண்ணை. நான் முறையிடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சுபா கூட்டத்துக்குப் போனாள். வாக்கெடுப்பில் தலைவர் தோற்றார். ஜன்னலுக்குக் கீழே நிற்கும் செடியின் உயரத்தை அந்தந்த வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம் என்று முடிவானது. பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணி தனக்கும் ஒரு ஹொலி வேண்டும் என்றாராம்.

பனி உருகியதும் பரம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "அந்த முள்ளுக்குக் கிட்டப் போக ஒருத்தரும் மாட்டினமாம். நீ வாறியோ?"

"வாறன் அண்ணை. ஆனா அதின்ர உயரத்தைப் பற்றி நீங்கள் கதைக்கக்கூடாது."

"சரி, வா," என்றார்.

எந்தக் கிளையை எங்கே வெட்டுவது என்பதை ஒரு பருவத்தில் பழகிவிடலாம். வெட்டமாட்டேன் என்று சொல்லவும் பழகுங்கள். சொன்னால் வேலை போகலாம். போனாலும் சொல்லுங்கள்.