பதினொரு சென்டிமீட்டர்

எழுபதுகளில் உக்ரைனில் எங்கள் நகரத்துக்கு மெட்ரோ தோண்டியபோது, சுரங்கத்தின் திசைக் கணக்கைப் போட்டவர் நோன்னா பாவ்லிவ்னா. இரு பக்கமிருந்தும் தோண்டி வருபவர்கள் நடுவில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். நவம்பர் புரட்சி விழாவுக்குள் முடிப்பதாகத் தோண்டும் அணி எழுதிக் கொடுத்திருந்தது.

அக்டோபர் கடைசியில் தன் கழித்தலில் ஒரு பிழை இருப்பதை நோன்னா கண்டார். வடக்கிலிருந்து தோண்டி வந்த பக்கம் பதினொரு சென்டிமீட்டர் விலகியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் விழாத் தேதி தவறிவிடும். அவர் நேராகக் கீழே இறங்கி, அணித் தலைவர் ஸ்தெபானிடம் போனார்.

“மெஷினை நிறுத்துங்க. தப்பு என்னோடது.”

“மேடைக்கே சிவப்புத் துணி கட்டியாச்சு, நோன்னா பாவ்லிவ்னா! பதினொரு சென்டிமீட்டர்தானே, ரயில் கொஞ்சம் ஒதுங்கிப் போகாதா?”

“போகும். வருஷக்கணக்கா சக்கரம் தேயும்.”

“எங்க நாப்பது பேர் திட்டையும் தாங்குவீங்களா?”

“சத்தமாத் திட்டுங்க. ஆனா நிறுத்திட்டுத் திட்டுங்க.”

நிறுத்தினார்கள், திட்டவும் செய்தார்கள். பிறகு திசையைத் திருத்தித் தோண்டினார்கள். விழா முடிந்து பன்னிரண்டாம் நாள்தான் கடைசி மண் சரிந்தது. விலகல் ஒன்பது மில்லிமீட்டர். துளைக்குள் முதலில் நுழைய வந்த அதிகாரிகளை ஸ்தெபான் கையால் தடுத்து, நோன்னாவைக் காட்டினார்.

“முதல்ல இவங்க போகட்டும். வழி தப்புனா ஒளிக்காமச் சொல்ற ஆளு.”