இரண்டு குவளைத் தண்ணீர்

ஆலப்புழையில் வாசகசாலை மாடியில் ஞாயிறு பிற்பகல் படம் வரைய ஒரு கூட்டம் கூடும். யாரும் ஓவியர்கள் இல்லை. சிவதாசன் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி பல் டாக்டரின் மனைவி. ஓமனா, தையல்காரரிடம் சேலைகளை வாங்கிவந்து ஓரம் அடிப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என்பதால் டாக்டர் மனைவி பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சம், சுவரோரம் உட்காருவாள். அங்கேதான் சிசிலியும் உட்காருவாள்.

சிசிலி காயல் ஊரான கைனகரியிலிருந்து படகில் வருகிறவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இறால் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு உரித்து உரித்து, விரல்கள் கொக்கி போல வளைந்துவிட்டன. கொட்டகையை மூடிய பிறகு, பேத்தியின் வண்ணப் பெட்டியை எடுத்து விளையாட்டாக ஒரு வாத்து வரைந்தாள். தூரிகை பிடிக்க அந்த வளைவு வாகாக இருந்தது. "கர்த்தர் என் கைய இதுக்குத்தான் வளைச்சிருக்காரு. நான்தான் இத்தனை வருஷம் இறாலுக்குன்னு தப்பா நெனச்சுட்டேன்" என்பாள்.

வாரத்தில் வரைந்ததை எல்லாரும் கொண்டுவந்து, கடைசியில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: "கொள்ளாம்." கல்யாணப் பெண்ணுக்கும் அங்கே கொள்ளாம்தான், மீன் குழம்புக்கும் கொள்ளாம்தான். நன்றாக இருக்கிறது என்றும் பொருள், பரவாயில்லை என்றும் பொருள், என்னை விட்டுவிடு என்றும் பொருள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை.

ஒரு ஞாயிறு சிசிலி ஓமனாவின் முழங்கையைப் பிடித்து மாடிப்படியில் நிறுத்தினாள்.

"ஓமனே, நீ வாயத் தொறக்க மாட்டே. ஆனா கண்ணு பருந்துக் கண்ணு. என் படத்துல என்ன கோளாறுன்னு சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு சேச்சி."

"அடி போடி. கொள்ளாம்னு சொன்னே, இந்தப் படியிலேயே உருட்டி விட்டுருவேன். நாத்தம் புடிச்ச இறாலை நாத்தம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லி வயசானவ நான். எனக்கு யாராவது சொல்ல வேணாமா?"

சொல்ல இருந்தது. ஓமனா பல வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாடியில் உட்கார்ந்து வரைந்தால் சிசிலியின் ஆகாயம் தெளிவாக இருக்கும். வீட்டில் வரைந்து கொண்டுவரும் ஆகாயம் மட்டும் பழைய வேட்டி நிறத்தில், தேமல் பூத்தது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

"வரையறதுல குத்தமில்ல சேச்சி. உங்க வாத்து நடக்கிற நடை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. தண்ணிதான்... வீட்டுல அவசரத்துல ஒரே குவளையில தொட்டுத் தொட்டுக் கலங்க விட்டுடறீங்க போல. ரெண்டு குவளை வச்சுக்குங்க. ஒண்ணு தூரிகையக் கழுவ, ஒண்ணு நெறத்தக் கலக்க. கலங்கினா ஊத்திட்டு நல்ல தண்ணி எடுங்க. அவ்வளவுதான்."

"தண்ணியா?" என்றாள் சிசிலி. சிரிக்கப் போகிறவள் போல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "சரி மோளே. மாத்திக்கறேன்."

வாய் திறந்து ஒருத்தரிடம் குறை சொல்லி, அவர் கோபித்துக்கொள்ளாமல் போனது ஓமனாவுக்கு அதுவே முதல் தடவை. படகுத்துறை வரை கூடவே போய், பழம்பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கும்ப மாத வெயில் ஏறிய நேரத்தில் சிசிலியின் ஆகாயம் தெளிந்தது. வயலில் இறங்கும் வாத்துக் கூட்டமும், அதற்கு மேல் விடிகிற வானமுமாக ஒரு படம் கொண்டுவந்தாள். கொடியில் மாட்டியபோது யாரும் கொள்ளாம் சொல்லவில்லை. சிவதாசன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"நம்ம சிசிலியா இது? கைனகரி வாத்து முட்டைதான் போடும்னு நெனச்சேன், படமும் போடுதே!"

ஆண்டு விழாக் கண்காட்சியில் வாசலுக்கு நேராக அந்தப் படம்தான் என்று முடிவாயிற்று. சிசிலி ஓமனாவின் தொடையைக் கிள்ளி, "எல்லாம் நீ சொன்ன தண்ணி பண்ற வேலை" என்றாள் காதோடு. சட்டம் போட்டு வருகிறேன் என்று படத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஓமனாவுக்குப் படகு ஆகாது, வயிற்றைப் புரட்டும். இருந்தாலும், தான் புதிதாக வரைந்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கைனகரிப் படகில் ஏறினாள்.

சிசிலியின் வீட்டு வாசற்படியில் கால்வாய் கிடந்தது. தேயிலைச் சாயம் போல, அசையாமல், ஓரமெல்லாம் பாசி. வராந்தாவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு கல்.

ஓமனா குடங்களைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். வேனலில் கால்வாயில் உப்பேறும், குடிதண்ணீர் படகில்தான் வரும், சில நாள் வராது என்பது அவளுக்குத் தெரியாததா? ஆலப்புழையில் எல்லாருக்கும் தெரியும், வருஷா வருஷம் பேப்பரில் வரும். ஆனால் அதுவும் படம் வரைகிற குவளையும் அவள் தலைக்குள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. சிசிலி கால்வாய்த் தண்ணீரில் வரைந்திருக்கிறாள். ஆகாயத்தின் தேமல் அந்த உப்பு.

மருமகள் லின்சி வெளியே வந்தாள்.

"ஓமனாச் சேச்சிதானே? தண்ணிய மாத்தச் சொன்னவங்க?" குரலில் கோபம்கூட இல்லை. "அம்மச்சி படத்துக்கு மொள்றது தெரியாம, குடத்துல தண்ணி குறையுதேன்னு, ஓட்டைக் குடத்தை என் தலையில கட்டிட்டான்னு வித்தவனைத் திட்டிக்கிட்டிருந்தேன். ஒருநாள் படகு வரல. எல்லாக் குடமும் காலி. பிள்ளை தாகத்துக்குக் கால்வாய்த் தண்ணிய மொண்டு குடிச்சிருக்கு. வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில கிடந்து, முந்தாநாள்தான் கூட்டிட்டு வந்தோம்."

"அப்ப... அதனாலதானா..." என்றாள் ஓமனா.

"அதனாலதான்னு நான் சொல்லல. டாக்டரும் சொல்லல. அம்மச்சிதான் சொல்றாங்க."

உள்ளே பேத்தி பாயில் சுருண்டு கிடந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிசிலி கஞ்சித் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வா மோளே. வெயில்ல வந்திருக்கே." எழுந்து போய், கல்லை எடுத்து, தட்டை எடுத்து, டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஓமனா வாங்கிக்கொண்டாள். சொட்டு விடாமல் குடித்தாள்.

"படம் அலமாரி மேல இருக்கு. சிவதாசன் சார்கிட்ட குடுத்துரு" என்றாள் சிசிலி. "எனக்கு அது வேணாம். மத்தவங்களுக்கு அது ஆகாயம். எனக்கு எத்தனை டம்ளர்னு தெரியுது."

"சேச்சி, வீட்டுல வேணாம். மாடியில வந்து வரைங்க. அங்க குழாய் இருக்குல்ல."

சிசிலி கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இது இறாலுக்கு வளைஞ்ச கைதான்டி."

ஓமனா தன் படத்தை விரித்தாள். படகுத்துறையில் ஒரு படகு. நீரில் மிதக்காமல், மேசை மேல் வைத்தது போல இருந்தது. வரையும்போதே அவளுக்குத் தெரியும். சிசிலி பார்த்தால், "இது படகாடி, சோப்புப் பெட்டியாடி?" என்று கத்துவாள் என்றுதான் திருத்தாமல் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன கோளாறுன்னு நீங்க சொல்லுங்க சேச்சி."

சிசிலி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வளைந்த விரல் ஒன்று படகின் அடிப்பக்கம் வரை போய், அங்கேயே நின்றது. திட்டுங்க, திட்டுங்க என்று ஓமனா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

விரல் திரும்பி வந்தது. சிசிலி படத்தைப் பழையபடி சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, அவள் கையில் கொடுத்தாள்.

"கொள்ளாம்" என்றாள். "கிளம்பு மோளே, படகு போயிடும்."