கருங்கல்லில் அம்மாவின் பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள்தான். ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயருக்கு எப்போதும் ஒரே எழுத்துருவைத்தான் எடுப்பேன். தடித்து, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து அது. இறங்கும் கோடு விரல் பருமன் இருக்கும். ஏறும் கோடு தலைமுடிபோல இழைந்திருக்கும். நுனிகளில் குதிகால்போலச் சின்னச் சின்ன முட்டுகள். பொடியாகப் போட்டால் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும் என்பதால் முகவரிக்கும் நேரத்துக்கும் அது ஆகாது. பெயருக்கென்றே வந்த எழுத்து.

அச்சில் வீணான தாள்களை எங்கள் ஊரான கருங்குழிக்கு எடுத்துப் போவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஆனால் அந்த எழுத்தை மட்டும் தடவிப் பார்ப்பார்.

"இன்னாடி இது, எங்கியோ கெளம்பிப் போற மாரியே கீது?"

சில வருடங்கள் கழித்து, கூரை வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினோம். முகப்பில் என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன்.

"எம் பேரு. அந்த எழுத்துல வெட்டச் சொல்லு," என்றார் அம்மா.

இருவரும் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறைக்குப் போனோம். அம்மாவின் பெயரை அச்சடித்து நான் கொடுத்த தாளைச் சிற்பி தூக்கிப் பார்த்தார்.

"பேப்பர்ல சரிம்மா. கல்லுல இந்த முடி மாரி கோடு பேந்துடும். எல்லாத்தையும் ஒரே தடியா வெட்டித் தர்றேன்."

"அப்ப அது வேற எழுத்தாயிடும். எனக்கு இதான் வோணும்," என்றார் அம்மா.

மறுநாள் கம்ப்யூட்டரில் மெல்லிய கோடுகளை மட்டும் நூலளவு தடிப்பாக்கினேன். சாய்வைத் தொடவில்லை. பிறகு எழுத்துகளைப் பெரிதாக்கினேன். தாள்களை ஒட்டி விரித்தால் பெயர் வாசலின் அகலத்துக்கே நீண்டது. சிற்பி முதலில் ஓர் உடைந்த கல்லில் ஒரே ஓர் எழுத்தை வெட்டினார். தூசியை ஊதிவிட்டு, "நின்னுகிச்சும்மா!" என்று கத்தினார். அவருக்கும் சந்தோஷம்தான்.

புதுமனை புகுவிழாவுக்கு, அம்மா வேலை பார்த்த நிலத்தின் சொந்தக்காரரும் வந்தார். அத்தனை வருடமும் அம்மாவை 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டவர். தெருவில் நின்று, தலையை உயர்த்தி, கல்லில் இருந்த ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"யாரு பேரு இது?"

"எம் பேருதாங்க," என்றார் அம்மா. "உள்ள வாங்க, சாப்டலாம்."

அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததில், வெட்டுகளில் நிழல் நிறைந்து, மெல்லிய கோடுகள்கூடக் கறுப்பாகத் தெரிந்தன. எத்தனையோ வீட்டுப் பெண்களின் பெயரை அந்த எழுத்தில் அடித்திருக்கிறேன். எதுவும் இவ்வளவு அழகாக வந்ததில்லை.