வேனுக்குப் பின்னால் நின்ற ஜொகூர் கார்

மூன்று வருடங்களுக்கு முன், கிள்ளானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், ஒரு புதன்கிழமை நண்பகலில் நடந்தது இது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து பிள்ளைகளை ஏற்றிப்போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு வந்தால், மதியம் வரை எனக்கு வேலை இல்லை. வேனைக் கழுவி, சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவேன். பள்ளி ஒரு மணிக்கு விடும். அதற்குள் நான் பள்ளி வாசலில் இருக்க வேண்டும்.

எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. வேலியும் கேட்டும் போட வசதிப்படவில்லை. கல் கொட்டிச் சமப்படுத்தி, வேனை அங்கேதான் நிறுத்துவேன். தெரியாதவர்களுக்கு அது சும்மா கிடக்கும் இடம் போலத்தான் தோன்றும்.

அன்று தூங்கி எழுந்து வெளியே வந்தால், வேனுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு வெள்ளி நிறக் கார் நிற்கிறது. வேனுக்கு முன்னால் சுவர். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் ஆழமான கால்வாய். காரை எடுக்காமல் வேனை அசைக்கவே முடியாது. நம்பர் ‘ஜே’ எழுத்தில் தொடங்கியது. ஜொகூர் மாநிலத்துக் கார். எங்கள் வரிசையில் யாருக்கும் அப்படி ஒரு கார் கிடையாது.

இடைஞ்சலாக நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடிக்குள் கைப்பேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். எட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. வேனில் ஏறி ஹாரனை விடாமல் அழுத்தினேன். ஒருவரும் வரவில்லை. வீட்டு நிழலில் நின்ற காரின் முன்மூடியைத் தொட்டால் சூடே இல்லை. வந்து நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். திருடிய காரைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு ஓடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அப்படிப்பட்ட காராக இருந்தால் தொடலாமா, கூடாதா என்று பயந்தேன்.

காரைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. எங்கள் பள்ளிக்கு எதிரில் இருப்பது துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் லோரிகளின் சாலை. என் வேனில் ஒன்றாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வருவாள். வேன் கண்ணில் படவில்லை என்றால் நிற்கமாட்டாள், தானாக வீட்டைப் பார்த்து நடந்துவிடுவாள். ஒருமுறை அப்படிச் சாலையில் கால் வைத்தவளை நான்தான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். மணியைப் பார்க்கப் பார்க்க அவள் கால்தான் என் கண்முன் நின்றது.

பள்ளி அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு வேன்காரருக்கு அடித்தால், அவர் பூச்சோங்கில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி தொழிற்சாலையில். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

ஹாரன் சத்தம் கேட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா வெளியே வந்தார். பின்வரிசையில் ஓர் இந்தியப் பெரியவர் இறந்துவிட்டார், காலையிலிருந்து வெளியூர்க் கார்களாக வந்துகொண்டிருக்கின்றன, அங்கே போய்க் கேள் என்று மலாயில் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கல்யாண வீட்டுக்குப் போனாலே கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சாவு வீட்டுக்குள் போய், அழுதுகொண்டிருப்பவர்களிடம் காரை எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? ஆனாலும் கால் தானாக ஓடியது.

அந்த வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று, கேட்கத் தோதான ஆள் யார் என்று பார்த்தேன். அதற்குள் ஒருவர் என் தோளில் கைவைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். இன்னொருவர் குடிக்கத் தண்ணீர் நீட்டினார். “இங்க யார் காருங்க…” என்று நான் தொடங்கியது உறுமிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“அண்ணே, வாங்க. பொட்டிய மூடப் போறாங்க. கடைசியா மொகத்தப் பாத்துருங்க” என்று சொல்லி, தண்ணீர் தந்தவர் என்னை எழுப்பி ஆண்கள் வரிசையில் நிறுத்திவிட்டார். என் உள்ளங்கையில் யாரோ வாய்க்கரிசியை வைத்தார்கள். வேண்டாம், நான் அதற்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் மெலிந்த ஒரு பெரியவர். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. யார் என்றே தெரியாத அந்த மனிதரிடம் மனசுக்குள், மன்னிச்சிருங்கய்யா, என்று சொல்லிவிட்டு அரிசியைப் போட்டேன்.

தலைமாட்டில் மகன் நின்றுகொண்டிருந்தார். மீசையை மழித்து, ஈர வேட்டியோடு. முப்பது வயது இருக்கும். அழுது முகம் வீங்கிப் போயிருந்தது. என்னை அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, “அப்பாகூட வேலை செஞ்சவங்களாண்ணே?” என்று மெதுவாகக் கேட்டார்.

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல தம்பி” என்றேன். “நான் முன்வரிசை வீடு. ஸ்கூல் வேன் ஓட்டுறேன். வேனுக்குப் பின்னால ஒரு ஜொகூர் கார் நிக்குது. பிள்ளைங்க ரோட்டுல நிக்குங்க தம்பி.”

அவர் முகம் மாறியது. “என் கார்தாண்ணே. காலி எடம்னு நெனச்சி விட்டுட்டேன்.”

பக்கத்தில் நின்ற அவருடைய தாய்மாமன் என்மீது சீறினார். “சடங்கு நடக்கறப்ப வந்து காரு கீருன்னு. அறிவில்ல? அப்புறம் வாங்க.”

நான் கூனிக்குறுகிப் போனேன். திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் மகன் தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாமா, பிள்ளைங்க நிக்குதுலா” என்றவர், தங்கையைக் கூப்பிட்டு, வேட்டி கட்டுவதற்காகத் தான் கழற்றி வைத்த சிலுவார் பாக்கெட்டில் இருக்கும் சாவியை எடுத்துவரச் சொன்னார். அவள் உள்ளே போய் வரும்வரை உறுமி நின்றது. சடங்கு செய்யும் பண்டாரம் காத்திருந்தார். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

சாவியை அவரே வாங்கி என் கையில் வைத்து அழுத்தினார். “சடங்க விட்டு என்னால வர முடியாதுண்ணே. நீங்களே எடுத்து ஒதுக்கிட்டுப் போங்க. ஓடுங்க.”

ஓடினேன். காரில் ஏறி உட்கார்ந்தால், சாவி போட ஓட்டையே இல்லை. பொத்தானை அழுத்தி எடுக்கும் கார். என் பழைய வேனைத் தவிர வேறு எதையும் நான் ஓட்டியதில்லை. பொத்தானை அழுத்துகிறேன், விளக்கு எரிகிறது, எஞ்சின் கிளம்பவில்லை. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து இருக்கையைக் கவனித்தேன். நோயாளிகளுக்கான பெம்பர்ஸ் பொட்டலம் ஒன்று, பிரிக்காமலே கிடந்தது. அதன்மேல் ஒரு பை ஆரஞ்சுப் பழம். அப்பாவை உயிரோடு பார்த்துவிடலாம் என்றுதான் அவர் ஜொகூரிலிருந்து கிளம்பியிருக்கிறார். அதைப் பார்த்ததும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கவே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

எதிர்வீட்டு அக்காதான் ஜன்னலில் தலையை நீட்டி, பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்து என்றார். அவர் மகள் வைத்திருப்பதும் அந்த மாதிரிக் கார்தானாம். கிளம்பியது. எங்கேயும் உரசிவிடக் கூடாதே என்று அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன்; எங்கும் வெளியூர்க் கார்களாக இருந்ததால் அடுத்த முனை தாண்டிச் சாலையோரப் புல்லில் நிறுத்தினேன். பூட்டிவிட்டு வேனுக்கு ஓடினேன். சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் பிள்ளைகளை ஏற்றப் போகிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கெல்லாம் நேரம் ஏது?

பள்ளிக்குப் போகும் சாலையில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கும் சிவப்பாகவே இருந்தது. தூரத்தில் லோரி பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டால்கூட எட்டி எட்டிப் பார்த்தேன். பள்ளி கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். சின்னவளைத்தான் தேடினேன். கண்ணில் படவில்லை.

பிறகுதான் பார்த்தேன், ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் அவளுடைய புத்தகப் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். “அங்கிள், இவ ரோட்டுல எறங்கிட்டா. நான்தான் பையப் புடிச்சி இழுத்தேன். இன்னும் லேட்டா வந்திருந்தீங்கன்னா, பைய வுட்டுட்டே ஓடியிருப்பா” என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரையும் ஏற்றி, ஒவ்வொரு தலையாக எண்ணினேன்.

பாதிப் பிள்ளைகளை இறக்கிய பிறகுதான் சட்டைப் பையில் ஏதோ கனத்தது. கார் சாவி. எதிர்வீட்டு அக்காவிடமாவது கொடுத்திருக்கலாம். அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அவர்களோ என் பேரைக்கூடக் கேட்கவில்லை. இப்போது அவர்கள் வந்து பார்த்தால் காரும் நிறுத்திய இடத்தில் இருக்காது, சாவியும் இருக்காது. சாவு வீட்டில் புகுந்து ஏமாற்றிவிட்டான் என்றுதானே நினைப்பார்கள்? பிள்ளைகளை நடுவழியில் விட முடியாது. கடைசிப் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டு, வேனை நேராகச் சாவு வீட்டுக்கு ஓட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தாய்மாமன்தான் என்னை முதலில் பார்த்தார். “ஆளு வந்துட்டாருய்யா” என்றார். “சாவியத் தூக்கிக்கிட்டு எங்க போனீங்க? கார் எங்கன்னு தெரியாம ரெண்டு பேரு தேடிக்கிட்டு இருக்காங்க.” சாவியை நீட்டியபடி நின்றேன்.

கையில் கொள்ளிச்சட்டியோடு வண்டியில் ஏறப் போன மகன் திரும்பினார். சாவியை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளைங்க எல்லாம் வந்துருச்சாண்ணே?”

தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். தாய்மாமன் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். கார் நிற்கும் இடத்தை அவருக்குக் கைகாட்டினேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை. அதனால் நன்றி என்று ஒரு வார்த்தைகூட நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பிறகு விற்றுவிட்டார்கள். அவரை நான் மறுபடி பார்க்கவும் இல்லை. எனக்கென்று ஒரு கவலை வந்து, அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்க மனம் இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும் நேரத்தில் எல்லாம், பெற்ற தகப்பனை எரிக்கப் போகிற வழியில் நின்று யாரோ பெற்ற பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இன்றும் என்னைத் திருப்பி நிறுத்துகிறது.