சவுக்குத் தோப்பின் மண்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. நடுவே சவுக்குத் தோப்பு நின்றது. என் மாமனார் மணல்மேட்டில் வரிசை பிடித்து நட்டு, ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோப்பு. சவுக்கைத் தவிர வேறு ஒரு செடி அதில் இருக்காது. தப்பித் தவறி ஒரு வேப்பங்கன்று தலைகாட்டினாலும் பிடுங்கி எறிந்துவிடுவார். தோப்பு என்றால் ஒரே மரமாக, ஒரே உயரமாக, ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கல்யாணமான சில மாதங்களிலேயே என் வீட்டுக்காரர் சிலோனுக்குப் போய்விட்டார். மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஊரில் துணிக்கடை வேலை. தனுஷ்கோடிக்கு ரயிலில் போய்க் கப்பல் ஏறுவார். எப்போதாவது வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு பாஸ்போர்ட், விசா என்று வந்து அந்த வரவும் குறைந்தது. மாமனார் மௌத்தாகி அடக்கம் நடந்தபோதுகூட அவரால் வர முடியவில்லை. தோப்பைக் கொழுந்தன்தான் பார்த்துக்கொண்டான்.

எனக்கும் தோப்புக்கும் இருந்த உறவு அடுப்போடு சரி. சருகு அரிக்கப் போவேன். ஊசி ஊசியான சவுக்குச் சருகு தரையெங்கும் பாய் விரித்ததுபோல் கிடக்கும். நான் மட்டும் இல்லை, பக்கத்து மீனவக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வருவார்கள். அரிப்பான் வைத்து வாரிக் கட்டித் தலையில் தூக்கிப் போவார்கள். அரித்த இடத்தில் வெள்ளை மணல் தெரியும். அந்த மணலில் எதுவும் முளைக்காது. ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தோப்புக்குள் போனேன். மேலே எல்லாம் நனைந்து கிடந்தது. காலால் கொஞ்சம் கிளறினேன். கீழே மணல் மாவுபோல் காய்ந்திருந்தது. மழை மேலோடு வழிந்து போயிருக்கிறது. அதைப் பற்றி அப்போது நான் பெரிதாக யோசிக்கவில்லை. காய்ந்த சருகு எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

மாமனார் வைத்த மரங்களை வெட்டிக் கொடுத்த பிறகு கொழுந்தன் மறுபடியும் சவுக்கே நட்டான். அவன் சோம்பேறி இல்லை. விடியும் முன்னே எழுந்து தண்ணீர் சுமப்பான். ஆனாலும் இந்தத் தடவை கன்றுகள் முன்போல் எழும்பவில்லை. பல கன்றுகள் மஞ்சளாகி நின்றன. சில இடத்தில் பத்து மரம் நிற்க வேண்டிய வரிசையில் நான்குதான் நின்றன. கரையான் என்றான். மழை பொய்த்தது என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். முதலாளி கடையை விற்றுவிட்டார், விசாவும் தீர்ந்துவிட்டது. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எங்கள் மகள் இரண்டு வாரம் கழித்து என்னிடம், "வாப்பா எப்பம்மா கப்பலுக்குப் போவாக?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்தது. டிரங்குப் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். எனக்கு அவரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடிதத்தில் எழுதிப் பழகிய ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது வேறு மாதிரி. அவருக்கு வேலையும் இல்லை. கொடியில் கிடக்கும் துணிகளை எல்லாம் எடுத்து, கடையில் மடிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு வைத்து மடித்து அடுக்குவார். மடிக்கத் துணி தீர்ந்ததும் தோப்புப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் கை நிறைய மண்ணோடு வந்தார். அடுப்படி வாசலில் நின்று என்னிடம் காட்டினார்.

"இதுல ஒன்னுமே இல்லையே," என்றார்.

"மணலுல என்ன இருக்கும்?"

"அங்கன தேயிலைக்கு நடுவுல முள்முருங்கை வச்சிருப்பாக. கொப்பை வெட்டி அங்கனயே போட்டுருவாக. யாரும் விறகுக்கு எடுக்கக் கூடாது."

"எதுக்கு?"

"மண்ணுக்காம்."

"மண்ணு அதை என்ன செய்யும்?"

"தெரியலை. நான் துணி வித்தவன்தானே," என்றார்.

வந்த பிறகு நாங்கள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு அவர் தோப்பில் பட்டுப்போன கன்றுகளின் இடத்தில் கண்டதையும் வைத்தார். பூவரசம் போத்து வெட்டி ஊன்றினார். பள்ளிவாசல் பக்கம் விழுந்து கிடந்த புன்னைக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து புதைத்தார். முள்முருங்கையும் வைத்தார், அதில் பாதிக்கு மேல் காய்ந்து போயிற்று. காக்கை எச்சத்தில் முளைத்த வேம்பையும் மஞ்சணத்தியையும் பிடுங்காமல் விட்டார். உடைமரம் தானாக வந்தது. சருகு அரிப்பதை நிறுத்தச் சொன்னார்.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சத்தம் போட்டான்.

"காக்கா, இது தோப்பா, காடா? வாப்பா இருந்தா இதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருப்பாகளா?"

"வாப்பா வச்சது நல்லா வந்துச்சு. நீ வச்சது ஏன் வரலை?"

"நான் ஒழுங்கா வளர்க்கலைன்னு சொல்லுதீகளா?"

"அப்படிச் சொல்லலைலே. மண்ணு செத்துப் போச்சுன்னு சொல்லுதேன்."

"இத்தனை வருஷம் சிலோன்ல இருந்துட்டு வந்து மண்ணைப் பத்திச் சொல்லுதீக," என்றான் கொழுந்தன். சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜமாஅத்தில் நான்கு பேரை வைத்துத் தோப்பைப் பிரித்தார்கள். இரண்டு பங்கும் கடலைத் தொடும்படி வடக்கே இருந்து தெற்கே பனைநார்க் கயிறு பிடித்து எல்லை வைத்தார்கள். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அவன் பெண்சாதியும் நானும் கிணற்றடியில் வழக்கம்போல் பேசிக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை போட ஒன்றும் இல்லை.

சண்டை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மீனவக் குடியிருப்பிலிருந்து சருகு அரிக்க வரும் பெண்களில் ஒருத்தி எனக்கு நல்ல பழக்கம். புருஷனைக் கடலில் இழந்தவள், கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். ஒருநாள் அரிப்பானோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, காலங்காலமா அள்ளுற சருகு. இதுவும் கூடாதுன்னா எதை வச்சு உலை வைக்க?"

"அவுக சொல்லிட்டாக," என்றேன்.

"அவுக வீட்டு அடுப்பு எதுல எரியுது?"

அது நியாயமான கேள்வி. எங்கள் அடுப்பு பனை மட்டையில் எரிந்தது. அவளுக்குப் பனையும் இல்லை. அவரிடம் சொன்னேன். பட்ட கொப்புகளை ஒடித்து எடுத்துக்கொள்ளட்டும், தரையில் கிடக்கிற சருகைத் தொட வேண்டாம் என்றார். பட்ட கொப்பு எத்தனை நாளைக்கு வரும்? கொஞ்ச நாளில் எல்லாப் பெண்களும் மேற்குப் பாதிக்குப் போனார்கள். கொழுந்தன் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்கிற குணமும் அவனுக்கு இல்லை. முன்பு இரண்டு பங்கிலும் அரித்தது இப்போது ஒரு பங்கில் மட்டும் நடந்தது. பிற்பாடு எங்கள் மண்ணையும் அவன் மண்ணையும் ஊரார் ஒப்பிட்டுப் பேசும்போது இதை யாரும் சொன்னதில்லை. நான் கண்ணால் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஊரில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொழுந்தனின் மரங்கள் ஒல்லியாக இருந்தாலும் நேராக நின்றன, பந்தல் காலுக்காவது போயின. எங்கள் பாதியில் வெட்டி விற்க உருப்படியாக ஒன்றும் இல்லை. ஆடுகள் வேலியைத் தாண்டி வந்து பூவரசந்துளிரைத் தின்றுவிட்டுப் போகும். அவர் மறுபடியும் ஊன்றுவார். நானும் கூடப் போக ஆரம்பித்தேன். முதலில் ஆடு விரட்டத்தான் போனேன்.

மண் மாறியதை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் காலால்தான் உணர்ந்தேன். வெயில் நேரத்தில் மேற்குப் பாதியைக் கடக்கும்போது பாதம் சுடும், மணல் விரலிடுக்கில் நழுவும். எங்கள் பாதியில் மிதித்தால் மெத்தென்று இருக்கும். சவுக்கு ஊசியோடு பூவரசிலையும் வேப்பிலையும் கலந்து விழுந்து, எது எந்த இலை என்று தெரியாமல் நொறுங்கிக் கிடக்கும். அதை விலக்கினால் கீழே சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு நிறம். ஆழம் ஒன்றும் இல்லை, ஒரு சாண்கூட இராது. அதற்குக் கீழே பழைய மணல்தான். ஆனால் மழை பெய்து பல நாள் கழித்துத் தோண்டினாலும் அந்த ஒரு சாணில் ஈரம் இருந்தது. ஒரு கார்த்திகையில் மண்புழுவைப் பார்த்தேன். அந்த மணல்மேட்டில் அதுவரை மண்புழுவைப் பார்த்தவர் யாரும் இல்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவர் மட்டும் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் அவரைக்கொடியும் பீர்க்கங்கொடியும் போட்டேன். காய்த்தது. கொழுந்தன் பெண்சாதிக்கும் கொடுத்தேன். யார் தோட்டத்துக் காய் என்று அவள் வீட்டில் சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட டிசம்பரில் எங்கள் ஊரிலும் தண்ணீர் மேட்டைத் தாண்டி வந்தது. விடிந்து பார்த்தபோது வீட்டிலிருந்து கடல் தெரிந்தது. இரண்டு பாதியும் விழுந்து கிடந்தன. சவுக்கு வேரோடு சாய்ந்திருந்தது, எங்கள் புன்னையும் சாய்ந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டு வைத்த மரம் என்று அவை ஒன்றும் விசேஷமாகத் தாக்குப்பிடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் பல நாள் தேங்கி நின்று வற்றியது. அந்த நாட்களில் தோப்பைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இல்லை. கருவாட்டுக்காரியின் தம்பி தனுஷ்கோடியில் இருந்தான், திரும்பி வரவில்லை. அவள் வீட்டில்தான் போய் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த மழைக் காலம் வந்து போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. எங்கள் பாதியில் விழுந்து கிடந்த பூவரசுகள் கிடந்தவாக்கிலேயே துளிர்த்தன. வேம்பின் வேரிலிருந்து கன்று கிளம்பியது. ஊடே புல் வந்தது. மேற்குப் பாதியில் உப்பு வெள்ளையாய்ப் பூத்து நின்றது. கொழுந்தன் நட்ட புதுச் சவுக்குக் கன்றுகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. இரண்டாம் தடவையும் நட்டான். அதுவும் கருகியது.

ஒருநாள் காலையில் அவன் எங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் வந்து நின்றான். கையில் பனையோலைக் கூடை. பிரிந்த பிறகு அவன் அந்த வாசலை மிதித்ததில்லை.

"மதினி, காக்கா இருக்காகளா?"

"தோப்புல இருக்காக. என்ன தம்பி?"

"கொஞ்சம் மண்ணு வேணும்."

"என்ன மண்ணு?"

"உங்க பக்கத்து மண்ணுதான். கன்னு வைக்கிற குழிக்கு ஒரு கூடை போட்டுப் பார்க்கலாம்னு..."

"அவுககிட்டயே போய்க் கேளு."

அவன் போகவில்லை. கூடையைக் கைமாற்றிக்கொண்டு நின்றான். "நீங்க சொல்லப்படாதா?"

"நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல," என்றேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்ன கேட்டான், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கூடை பாதி நிறைந்ததும் இவர் நிறுத்தினார்.

"மண்ணை மட்டும் போட்டா நிக்காதுலே. சருகையும் சேர்த்து அள்ளு."

"சருகை அள்ளப்படாதுன்னு சொன்னது யாரு?" என்றான் கொழுந்தன்.

இவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்துவிட்டார். கொழுந்தன் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் சருகை வாரிக் கூடைக்குள் அமுக்கினான். அவன் கண் கலங்கி இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. வெயிலாகவும் இருக்கலாம். செம்பை நீட்டினேன், வாங்கிக் குடித்தான்.

அன்று பல கூடை மண் போயிற்று. எங்கள் பாதியில் அங்கங்கே வெள்ளை மணல் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த சருகைக் காலால் தள்ளி அதை மூடப் பார்த்தேன். அவர், "மறுபடி விழும், விடு," என்றார். கூடவே பூவரசம் போத்தும் வெட்டிக் கொடுத்தார். கொழுந்தன் தன் பாதியில் சவுக்குக்கு ஊடே அவற்றையும் ஊன்றினான். வேம்பு தானாக வந்தபோது பிடுங்காமல் விட்டான். தான் நினைத்தது தப்பு என்று அவன் சொல்லவில்லை. இவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த நடவில் பாதி நின்றது, பாதி போயிற்று. போன இடத்தில் என்ன வைப்பது என்று அடுத்த ஆவணியில் இருவரும் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கொழுந்தன் சவுக்கு என்றான். இவர் புன்னை என்றார். புன்னை வளர்ந்து முடியத் தன் பேரன் காலம் ஆகும் என்றான் அவன். சவுக்கைக் கட்டிக்கிட்டே அழு என்றார் இவர். இருவர் சத்தமும் கூடிக்கொண்டே போயிற்று. அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான் என்று தெரிந்தது. நான் மீன் ஆணத்தைச் சூடாக்க அடுப்படிக்குப் போனேன்.