காற்றுக்குப் பயந்து அடைத்த கதவு

கல்யாணப் பொக்கேயில் இருக்கும் பூக்களை அழுத்தி உலர்த்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டித் தருவது என் தொழில். ஆரணியில் ஆடி மாதம் வந்தால் காற்றுதான் எனக்கு எதிரி. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஃபேனை நிறுத்தி, "அறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது" என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அன்று, சர்ச்சில் கல்யாணமான ஒரு பெண்ணின் ரோஜா இதழ்களை ஒட்டுவதற்காக மேஜையில் பரப்பியிருந்தேன். சேத்துப்பட்டுக்குக் கிளம்பிய என் கணவர், காற்றில் அறைக் கதவு திறந்துகொள்ளும் என்று, நான் உள்ளே இருக்கும்போதே வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டார். என் செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

கத்தினேன். பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. புழுக்கத்தில் மூச்சு முட்டியது. ஜன்னல் டேப்பைப் பிய்க்கப் போனேன். இதழ்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேறு பொக்கே ஏது? வியர்வை சொட்டிவிடுமோ என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் கரண்ட் போய்த் தறி நின்றது. மறுபடி கத்தினேன். பக்கத்து வீட்டு குமாரி அக்கா, சும்மா சாத்தியிருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"உள்ள யாரு கத்திகினு இருக்கறது?"

"நான்தான்க்கா! ஆனா தொறக்காதீங்க, பூ மேல கண்ணாடி போட்டு மூடிக்கிறேன், இருங்க!"

பிறகு கதவைத் திறந்தவர், என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்த மொதல்லயே போட்டுட்டு ஜன்னலத் தொறந்திருக்கலாமில்ல?"

நான் போய் ஜன்னல் டேப்பைப் பிய்த்தேன்.

இப்போதெல்லாம் இதழ்களைப் பரப்பியதுமே கண்ணாடியால் மூடிவிடுகிறேன். "உனக்காகத்தானே தாழ்ப்பாள் போட்டேன்" என்றார் கணவர். அந்த இரும்புத் தாழ்ப்பாளை நானே கழற்றிவிட்டேன். பூக்களை அழுத்தும் காகிதக் கட்டின் மேல் இப்போது அதுதான் பாரம்.